வேல்ஸ் ரக்பி அணி தொடர்ந்து 18 ஆட்டங்களில் தோற்றதற்குக் காரணம் பயிற்சியாளரா, அணித் தேர்வா? இப்போதைய பயிற்சியாளரையும் மாற்ற வேண்டுமா?

சுருக்கமாகச் சொன்னால்: அணித் தேர்வில் தவறு இருந்தது, அதில் ரசிகர்கள் சொன்னது சரி. ஆனால் அந்தத் தவறைத் திருத்தியும் பார்த்துவிட்டார்கள், பயிற்சியாளரையும் மாற்றிப் பார்த்துவிட்டார்கள். தோல்வி நிற்கவில்லை. அதனால் உங்கள் கேள்வியில் இருக்கும் இரண்டு பதிலும் எனக்குப் போதவில்லை.

ரக்பி பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. 2023 உலகக் கோப்பையில் வேல்ஸ் நன்றாகவே ஆடியது. லியோனில் ஆஸ்திரேலியாவை 40-6 என்று துவைத்து எடுத்தார்கள். அக்டோபர் 7 அன்று ஜார்ஜியாவை வென்றார்கள். அடுத்த வாரம் மார்சேயில் காலிறுதியில் அர்ஜென்டினாவிடம் 29-17 என்று தோற்றார்கள். அதுதான் 18இல் முதல் தோல்வி. அப்புறம் 2024 சிக்ஸ் நேஷன்ஸில் (ஆறு ஐரோப்பிய அணிகள் ஆண்டுதோறும் மோதும் போட்டி) ஐந்துக்கு ஐந்தும் தோல்வி, 2003க்குப் பிறகு முதல் முறையாகக் கடைசி இடம். 2025இலும் அதே கதை. அடுத்த வெற்றி வந்தது 2025 ஜூலை 12, ஜப்பானின் கோபே நகரில். இடையில் 644 நாட்கள்.

நான் கார்டிஃபில் வேலை பார்க்கிறேன். ஆபீஸில் ஒருவர் லனெத்லிக்காரர், அந்த ஊர் அணியான ஸ்கார்லெட்ஸின் பரம பக்தர். இன்னொருவர் ஸ்வான்சீ, அங்குள்ள ஆஸ்ப்ரேஸ் அணியின் ரசிகர். ஞாயிற்றுக்கிழமை முழுக்க சேர்த்து வைத்ததைத் திங்கட்கிழமை காலையில் டீ போடும் இடத்தில் இறக்கி வைப்பார்கள். இருவரும் எதிலும் ஒத்துப்போக மாட்டார்கள், ஒன்றைத் தவிர: பத்தாம் எண் சட்டை.

பத்தாம் எண் என்பது ஃப்ளை-ஹாஃப். பந்தை உதைப்பதா, கடத்துவதா, ஓடுவதா என்று ஒவ்வொரு முறையும் முடிவெடுக்கும் ஆள். வேல்ஸில் இந்தச் சட்டைக்கு ஒரு தனி மரியாதை உண்டு. உலகக் கோப்பையோடு அதை அணிந்துவந்த டான் பிகர் சர்வதேச ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். அவருக்குப் பிறகு சாம் காஸ்டெலோ, அயோன் லாயிட் என்று ஆள் மாறிக்கொண்டே இருந்தார்கள். அனுபவமுள்ள கேரத் அன்ஸ்கோம் ஒருவர் மிச்சம் இருந்தார். மேலே சொன்ன ஆஸ்திரேலிய ஆட்டத்தில் பிகர் தொடக்கத்திலேயே காயம்பட்டு வெளியேற, உள்ளே வந்து 23 புள்ளிகள் எடுத்தவர் இவர்தான். அப்படிப்பட்டவரை 2025 சிக்ஸ் நேஷன்ஸ் அணியில் அப்போதைய தலைமைப் பயிற்சியாளர் வாரன் கேட்லண்ட் சேர்க்கவே இல்லை. தன் ஊர் அணியில் பெரும்பாலும் சென்டராக (பத்தாம் எண்ணுக்கு வெளியே நிற்கும் இடம்) ஆடும் பென் தாமஸைப் பத்தாம் எண்ணில் நிறுத்தினார். பாரிஸில் பிரான்ஸிடம் 43-0. அடுத்த வாரம் ரோமில், கொட்டும் மழையில், இத்தாலியிடம் 22-15. மழை ஆட்டம் என்றால் உதைத்து உதைத்தே எதிரணியை அவர்கள் பக்கத்தில் முடக்கி வைக்க வேண்டும். அதற்கென்றே பழகிய ஒருவர் இங்கிலாந்தில் க்ளாஸ்டர் அணிக்கு ஆடிக்கொண்டிருக்க, தேசிய அணியில் அவருக்கு இடமில்லை. பென் தாமஸ் நல்ல ஆட்டக்காரர், அவர் மேல் பிழையில்லை. அந்த வேலையை அவரிடம் கொடுத்ததுதான் பிழை. இதில் நான் ரசிகர்கள் கட்சி.

ரோம் ஆட்டம் முடிந்த மூன்றாம் நாள் கேட்லண்ட் போய்விட்டார். (2024இல் இத்தாலியிடம் தோற்றபோதே ராஜினாமா செய்கிறேன் என்று அவராகச் சொன்னார், நிர்வாகம்தான் வேண்டாம் என்றது.) கார்டிஃப் அணியின் பயிற்சியாளர் மேட் ஷெரட் தற்காலிகமாக வந்தார். வந்தவுடன் ரசிகர்கள் கேட்டதை எல்லாம் செய்தார். அன்ஸ்கோம் உள்ளே, ஜாரட் எவன்ஸ் உள்ளே, மேக்ஸ் லெவெலின் உள்ளே. அயர்லாந்துக்கு எதிராக இடைவேளையில் வேல்ஸ் 13-10 என்று முன்னிலை. ஊரே நிமிர்ந்து உட்கார்ந்தது. கடைசியில் 27-18 தோல்வி என்றாலும், பார்க்கிற மாதிரி ஒரு ஆட்டம். எடின்பரோவில் ஸ்காட்லாந்திடம் 35-8 என்று பின்தங்கியிருந்து 35-29 வரை துரத்தினார்கள். சரி, கேட்லண்டும் அவர் எடுத்த ஆட்களும்தான் பிரச்சினை, இதோ தீர்ந்தது என்று எல்லோரும் பேச ஆரம்பித்தோம்.

ஒரு வாரத்தில் இங்கிலாந்து கார்டிஃபுக்கு வந்து பத்து ட்ரை (எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைப்பது) போட்டு 68-14 என்று முடித்துவிட்டுப் போனது.

அந்த 68-14தான் உங்கள் கேள்விக்கு உண்மையான பதில் என்று நினைக்கிறேன். ரசிகர்கள் கேட்ட இரண்டு மருந்தும் கொடுக்கப்பட்டது. காய்ச்சல் இரண்டு ஆட்டத்துக்குக் குறைந்து மூன்றாவதில் ஏறிவிட்டது.

இளைஞர்களை ஒரேயடியாக இறக்கிவிட்டார் என்று இன்னொரு குற்றச்சாட்டு உண்டு. இதில் கேட்லண்டுக்காகக் கொஞ்சம் பேச வேண்டும். 2024இல் 21 வயது டாவிட் ஜென்கின்ஸைக் கேப்டன் ஆக்கினார் என்று கேலி செய்தார்கள். உலகக் கோப்பையில் கேப்டன் பொறுப்பைப் பகிர்ந்துகொண்ட ஜாக் மார்கன், டெவி லேக் இருவருமே அப்போது காயத்தில் இருந்தார்கள் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. 2023 மே முதல் 2024 மார்ச் வரை, ஒரு வருடத்துக்குள், அலுன் வின் ஜோன்ஸ், ஜார்ஜ் நார்த், பிகர், லீ ஹாஃப்பென்னி நால்வரும் சர்வதேச ஆட்டத்தை விட்டார்கள். 158, 121, 112, 101. கூட்டினால் 492 டெஸ்ட் (சர்வதேச) ஆட்டங்களின் அனுபவம். அணியின் வேகமான விங்கர் லூயிஸ் ரீஸ்-சாமிட் 22 வயதில், சிக்ஸ் நேஷன்ஸ் அணியை அறிவிக்கும் அதே நாளில், அமெரிக்கக் கால்பந்து ஆடப் போகிறேன் என்று கிளம்பிவிட்டார். இதற்கு நடுவே எந்தப் பயிற்சியாளர் வந்திருந்தாலும் சின்னப் பையன்களைத்தான் இறக்கியிருப்பார்.

இப்போது 2008க்குப் போகலாம், ஏனென்றால் கேட்லண்டின் பேரும் புகழும் அங்கிருந்துதான் வந்தது. முந்தைய ஆண்டு உலகக் கோப்பையில் ஃபிஜியிடம் தோற்று வெளியேறி, பயிற்சியாளரை அனுப்பிவிட்டு, வேல்ஸ் இதேபோல் நொந்து கிடந்தது. நியூசிலாந்திலிருந்து முதல் முறை பயிற்சியாளராக வந்த கேட்லண்ட் தன் முதல் ஆட்டத்துக்கு, அதுவும் இங்கிலாந்தின் சொந்த மைதானமான ட்விக்கன்ஹாமில் அவர்களுக்கு எதிராக, தொடக்க 15 பேரில் 13 பேரை ஆஸ்ப்ரேஸிலிருந்தே எடுத்தார். எங்கள் லனெத்லிக்காரர் இன்றைக்கும் அதை மன்னிக்கவில்லை. ஆனால் வாராவாரம் சேர்ந்து ஆடுகிறவர்கள், ஒருவர் எங்கே நிற்பார் என்று மற்றவருக்குத் தெரியும். இடைவேளையில் பின்தங்கியிருந்தும் 26-19 என்று வென்றார்கள். ட்விக்கன்ஹாமில் 20 ஆண்டுகளில் முதல் வெற்றி. அந்த ஆண்டே கிராண்ட் ஸ்லாம், அதாவது சிக்ஸ் நேஷன்ஸில் எல்லா ஆட்டத்திலும் வெற்றி.

அது அருமையான தேர்வு. ஆனால் அப்படித் தேர்வு செய்ய அன்றைக்கு ஒரு ஆஸ்ப்ரேஸ் இருந்தது. 2005க்கும் 2012க்கும் இடையே வேல்ஸ் அணிகள் அயர்லாந்து, ஸ்காட்லாந்து அணிகளோடு ஆடும் லீக்கில் நான்கு முறை பட்டம் வென்ற அணி அது. 2017இல் ஸ்கார்லெட்ஸ் வென்றதற்குப் பிறகு எந்த வேல்ஸ் அணியும் அந்த லீக்கைத் தொடவில்லை. 2025இல் கேட்லண்ட் அதே உத்தியைச் செய்ய நினைத்திருந்தாலும், 13 பேரை எந்த அணியிலிருந்து அள்ளுவார்? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

சட்டி காலியான கதை நீளமானது. வேல்ஸ் ரக்பி யூனியனும் கார்டிஃப், ஆஸ்ப்ரேஸ், ஸ்கார்லெட்ஸ், டிராகன்ஸ் என்ற நான்கு மாகாண அணிகளும் பணத்துக்காகப் பல ஆண்டுகளாகச் சண்டை போடுகின்றன. 2023 பிப்ரவரியில் ஒப்பந்தம் முடிவாகாததால், இங்கிலாந்து ஆட்டத்துக்கு முன் வீரர்களே வேலைநிறுத்தம் செய்யப் போவதாக மிரட்டினார்கள். 2024-25இல் ஒரு அணியின் வீரர் சம்பளத்துக்கான பட்ஜெட் 45 லட்சம் பவுண்டாகக் குறைந்தது. 2025 ஏப்ரலில் கார்டிஃப் அணி திவால் நடவடிக்கைக்குப் போய், யூனியனே எடுத்து நடத்த வேண்டியதாயிற்று. அக்டோபரில், நான்கை மூன்றாக்கப் போகிறோம் என்று அறிவித்தார்கள். எந்த அணி போகும் என்ற பேச்சு தொடங்கியதும் எங்கள் ஆபீஸ் நண்பர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்ப்பதையே குறைத்துக்கொண்டார்கள். பத்தாம் எண் பற்றிச் சண்டை போட்ட காலமே தேவலை.

பணம் இல்லாத இடத்தில் ஆட்கள் இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் போகத்தானே செய்வார்கள்? வெளிநாட்டில் ஆடுபவர் தேசிய அணிக்கு வர 60 டெஸ்ட் ஆடியிருக்க வேண்டும் என்று முன்பு விதி. அந்த வேலைநிறுத்த மிரட்டலுக்குப் பிறகு 25 ஆக்கினார்கள். அதையும் எடுத்துவிடு என்பது பல ரசிகர்களின் கோரிக்கை. எனக்கு அதில் சந்தேகம் உண்டு. 2025 நவம்பர் 29 அன்று, சர்வதேச ஆட்டங்களுக்கென்று ஒதுக்கிய வாரங்களுக்கு வெளியே, தென்னாப்பிரிக்காவோடு ஒரு ஆட்டம் வைத்தார்கள். இங்கிலாந்து, பிரான்ஸ் கிளப்புகளில் இருந்தவர்களை எடுக்க முடியவில்லை. சொந்த மண்ணில் 73-0. வெளியே அனுப்பிவிட்டால் வேண்டும்போது கிடைக்க மாட்டார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அந்தத் தேதியில் ஆட்டம் வைத்தது பயிற்சியாளர் அல்ல, வருமானம் தேடிய யூனியன். கேள்வி கேட்க வேண்டியது அவர்களை.

கடைசியாக உங்கள் இரண்டாவது கேள்வி. ஸ்டீவ் டேண்டி 2025 ஜூலையில்தான் நியமிக்கப்பட்டார். 2007க்குப் பிறகு நிரந்தரத் தலைமைப் பயிற்சியாளராக வந்த முதல் வேல்ஸ்காரர். 2012இல் ஆஸ்ப்ரேஸ் பட்டம் வென்றபோது பயிற்சியாளர் இவரே. அப்புறம் ஸ்காட்லாந்தின் தற்காப்பைக் கவனித்துக்கொண்டவர். அந்த நவம்பரில் நான்கு ஆட்டம்: அர்ஜென்டினா 52, நியூசிலாந்து 52, தென்னாப்பிரிக்கா 73 என்று அடித்தன. ஜப்பானை மட்டும் ஜாரட் எவன்ஸின் கடைசி நிமிட பெனால்டியால் 24-23 என்று வென்றார்கள். தற்காப்புக்குப் பெயர்போனவர் அணி இவ்வளவு புள்ளி கொடுப்பது எனக்கும் எரிச்சல்தான். இருந்தாலும் மாற்றக் கூடாது என்பேன். 2022 டிசம்பரில் அப்போதைய பயிற்சியாளர் வெய்ன் பிவாக்கை அனுப்பியதிலிருந்து எண்ணினால் கேட்லண்ட், ஷெரட், டேண்டி என்று மூன்று பேர் வந்தாயிற்று. நான்காவது ஆள் வந்தாலும் அதே பட்டியலிலிருந்துதான் 15 பேரை எடுக்க வேண்டும்.

2027 உலகக் கோப்பையில் வேல்ஸின் குழுவில் இங்கிலாந்து, டோங்கா, ஜிம்பாப்வே. அதுவரை டேண்டியை விட்டுவிடுங்கள், ஆஸ்ப்ரேஸ் அணியின் டான் எட்வர்ட்ஸைப் பத்தாம் எண்ணில் தொடர்ந்து ஆட விடுங்கள், காயம் தவிர வேறு காரணத்துக்கு மாற்றாதீர்கள். டோங்காவிடம் தோற்றால் அன்றைக்கு நானும் கொடி பிடிக்க வருகிறேன்.