பழைய சுவர், புதிய பூஞ்சணம்: கேள்வி பதில்

கேள்வி: யாழ்ப்பாணத்து நல்லூரில் அம்மம்மாவின் நாற்சார் வீட்டை, நடுவே திறந்த முற்றம் உள்ள பழைய வீட்டை, விருந்தினர் விடுதியாக்கினோம். ஏசி போட்ட அறைகளில் மட்டும் அலுமாரிக்குப் பின்னால் கறுப்பாகப் பூஞ்சணம். ஏசி ஈரத்தை எடுக்கும் என்றார்களே?

தங்கச்சி, எடுக்கும், அறை காற்றுப் புகாமல் மூடியிருந்தால். உங்கள் அறைக்கு மேலே ஓட்டு இடுக்கு, அதனால் வெளிக்காற்று உள்ளே வரும். வெளிக்காற்று 30 பாகை, ஈரப்பதம் 80 வீதம் என்று வையுங்கள். அது 26 பாகைக்குக் குளிர்ந்தாலே தண்ணீர் விடும். நீங்கள் 20இல் வைத்துச் சுவரையும் குளிர்த்திவிட்டீர்கள். அலுமாரிக்குப் பின்னால் படியும் அந்த ஈரம் காய வழியில்லை. ஏசியை 26க்கு ஏற்றுங்கள், இடுக்கை அடைத்துவிடுங்கள், அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளுங்கள். ஈரப்பதமானி ஒன்று வாங்கி 65 வீதத்தைத் தாண்டாமல் பாருங்கள். முற்றத்தைத் தகடு போட்டு மூடியிருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள்.

கேள்வி: சுவரின் கீழ் மூன்றடிக்கு ஓதம், ஈரம் ஊறி நிற்கிறது. சீமெந்து பூசலாமா?

வேண்டாம். பழைய வீடுகளின் முருகைக்கல் (பவளப்பாறைக் கல்) சுவருக்குச் சீமெந்து வேண்டவே வேண்டாம், ஈரத்தை வெளியே விடாது. சுண்ணாம்புதான் பூச வேண்டும். கூரைத் தண்ணீர் ஓடும் பீலி ஒழுகுகிறதா, வெளிநிலம் உள்நிலத்தைவிட உயர்ந்துவிட்டதா என்று பாருங்கள்.

கேள்வி: தண்ணீர் புகாத பெயின்ட்?

அதுவும் அதே தவறுதான். மேலே பார்க்கவும்.

கேள்வி: நான் மேசன். முப்பது வருசமாகச் சீமெந்துதான் பூசுகிறேன். சுண்ணாம்பு மாரிக்குக் கரைந்துவிடும். ஏன் ஆட்களைப் பயப்படுத்துகிறீர்கள்?

அண்ணை, சீமெந்துக் கல்லரிந்து கட்டிய புது வீட்டுக்கு உங்கள் பூச்சுச் சரி. சாரல் அடிக்கும் சுவருக்கு அடிக்கடி வெள்ளையடிக்க வேண்டும் என்பதும் உண்மை. ஆனால் போன வைகாசியில் ஒரு பழைய வீட்டில் சீமெந்தைத் தட்டினோம். தகடு தகடாக வந்தது. பின்னால் இருந்த முருகைக்கல்லை விரலால் தேய்த்தேன், ஈர மாவாக உதிர்ந்தது. பூச்சின் உட்பக்கம் முழுக்க வெள்ளை உப்பு. நிலத்திலிருந்து ஏறும் தண்ணீர் உப்பையும் கொண்டுவரும். வெளியே போக விடாவிட்டால் இன்னும் மேலே ஏறும். காற்றில் ஈரம் 75 வீதம் தாண்டினால் கறியுப்பு தானாகவே நீரை இழுத்துக் கரையும், காய்ந்தால் மறுபடி படிகமாகிக் கல்லை உடைக்கும். சுண்ணாம்புப் பூச்சில் அந்த உப்பு பூச்சோடு உதிரும், கல் தப்பும். சித்திரையில் தட்டி, பிறகு வரும் தென்மேற்குச் சோளகக் காற்றில் சுவரைக் காயவிட்டு, பிறகு பூசுங்கள். பூசியதும் நனைத்த சாக்குக் கட்ட வேண்டும், அது உங்களுக்குத் தெரியும்.

கேள்வி: சுண்ணாம்போடு கொஞ்சம் சீமெந்து கலந்தால்?

கொஞ்சமும் வேண்டாம். நாலாவது முறை சொல்கிறேன்.

கேள்வி: பூஞ்சணத்துக்குக் குளோரின்?

கறை வெளுக்கும், ஈரம் இருந்தால் திரும்பி வரும். முகமூடி போட்டு ஈரத்துணியால் துடையுங்கள். காய்ந்தபடி கூட்டாதீர்கள், வித்துகள் வீடு முழுக்கப் பறக்கும்.

கேள்வி: தாத்தாவின் ஏட்டுச்சுவடிகளிலும் பிடித்துவிட்டது.

அது என் துறை இல்லை. துடைக்காமல், சுவடி பேணுபவர் ஒருவரிடம் இன்றே காட்டுங்கள்.

கேள்வி: மேசன்தான் மறுபடி. எங்கள் ஊர்க் கோயில் மடம் ஒன்றுக்குச் சீமெந்து பூச நாள் குறித்துவிட்டேன். வந்து பார்ப்பீர்களா?

ஞாயிறு காலை வருகிறேன், அண்ணை. அதுவரை சாந்து குழைக்காதீர்கள்.