பழைய ரத்தக்காட்டேரிப் படங்களில் ‘பிரதிநிதித்துவம்’ என்றால் என்ன?

திரையில் யார் வருகிறார், அவருக்கு என்ன கதை இருக்கிறது என்பதுதான் பிரதிநிதித்துவம். பழைய ஹாலிவுட் காட்டேரிப் படங்களில் பிரபு, நாயகி, மருத்துவர் எல்லாரும் வெள்ளையர்கள். கல்யாணத்தில் பந்தி பரிமாறியவர் குடும்பப் போட்டோவில் இல்லாத மாதிரிதான் கறுப்பின நடிகர்களின் நிலை. கதை எழுதியவர்களும் பணம் போட்டவர்களும் பெரும்பாலும் வெள்ளையர்களே, அதுதான் காரணம்.

1972-இல் வந்த ‘பிளாக்குலா’வை இயக்கியவர் வில்லியம் கிரெய்ன் என்ற கறுப்பினத்தவர். நாயகன் வில்லியம் மார்ஷல் வற்புறுத்தியதால், அந்தக் காட்டேரி மாமுவால்டே என்ற ஆப்பிரிக்க இளவரசன் ஆனான். அடிமை வியாபாரத்தை நிறுத்த டிராகுலாவிடம் உதவி கேட்கிறான். டிராகுலாவோ அவனைக் கடித்து, தன் பெயரையே திரித்துச் சூட்டுகிறான். படத்தின் உயிர் இந்தக் காட்சிதான் என்பேன்.

பிளாக்குலா என்பது டிராகுலாவுக்கே நிறம் மாற்றிய நகல் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, இதில் டிராகுலா தனிப் பாத்திரம், வில்லன்.