எழுத்துப் பாடத்துக்கு ரியூசன் வேண்டுமா? ஒரு தாய்க்குப் பதில்

வணக்கம் அம்மா.

மகள் கணிதத்திலும் கட்டமைப்புப் பாடத்திலும் நல்ல புள்ளி எடுக்கிறாள், தொழில்நுட்ப எழுத்துப் பாடத்தில் மட்டும் ஒப்படைகள் சிவப்பு மையோடு திரும்பி வருகின்றன, இரவிரவாக இருந்து திருப்பி எழுதுகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். கனடாவில் இருக்கிற பெரியப்பா, "என்ஜினியரிங் படிக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் என்னத்துக்கு, ஒரு ஸ்போக்கின் இங்கிலிஷ் வகுப்புக்கு அனுப்புங்கோ, சரிவரும்" என்கிறாராம். அனுப்பலாமா என்று கேட்கிறீர்கள்.

இந்தப் பாடத்துக்காக என்றால் அனுப்ப வேண்டாம். நீங்கள் அனுப்பிய பக்கங்களை ஆறுதலாக வாசித்தேன். இலக்கணப் பிழை அங்கொன்று இங்கொன்றுதான். விரிவுரையாளர் ஓரத்தில் எழுதியிருப்பது வேறு: "இதை யார் வாசிக்கப் போகிறார்?" "எந்த அலகு?" "முடிவு எங்கே?" கதைக்கப் பழக்கும் வகுப்பில் இந்தக் கேள்விகளுக்கு விடை கிடைக்காது.

முதல் பக்கத்தையே எடுங்கள். கொங்கிறீற் கியூப்களை நசுக்கி வலிமை பார்த்த பரிசோதனையின் அறிக்கை அது. தொடக்கம் இப்படி: "கொங்கிறீற் என்பது சீமெந்து, மணல், கல், நீர் ஆகியவை சேர்ந்த கலவையாகும்." பிறகு அதன் வரலாறு, பிறகு அதன் பயன்கள். கியூப் எவ்வளவு அழுத்தத்தில் உடைந்தது என்பது நாலாம் பக்கத்தின் அடியில், ஓர் அட்டவணைக்குள் கிடக்கிறது. இதை வாசிக்கப் போகிற பொறியியலாளருக்குக் கொங்கிறீற் என்றால் என்னவென்று தெரியும். வேண்டிய வலிமை வந்ததா, வராவிட்டால் என்ன செய்வது என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். முதல் பந்தியே இப்படி இருந்திருக்கலாம்: "சதுர மில்லிமீற்றருக்கு 25 நியூட்டன் வலிமை வேண்டிய கலவை இது. 28ஆம் நாள் நசுக்கிய மூன்று கியூப்களின் சராசரி 22 நியூட்டன். முதல் மாடித் தூண்களுக்கு இந்தக் கலவையே போடப்பட்டது. மேலே வேலை தொடர முன்னர் தூண்களை நேரில் சோதிக்க வேண்டும்." இதை வாசித்த பொறியியலாளர் உடனே தொலைபேசியை எடுப்பார்.

இதில் மகளின் குறை என்று எதுவும் இல்லை. பள்ளிக்கூடத்தில் எங்கள் பிள்ளைகள் எழுதுகிற ஒவ்வொரு விடையும், விடை ஏற்கெனவே தெரிந்த ஒருவருக்குத்தான் போகிறது. அவர் கையில் புள்ளித்திட்டம் இருக்கிறது. வரைவிலக்கணத்துக்கு ஒரு புள்ளி, உதாரணத்துக்கு ஒரு புள்ளி. தெரிந்ததை எல்லாம் கொட்டினால் எதற்காவது புள்ளி விழும். வேலைக்குப் போனால் இது தலைகீழாகிவிடும். நடந்தது எழுதுகிறவருக்கு மட்டும்தான் தெரியும். வாசிக்கிறவர் கொழும்பில் இருப்பார், கையில் வேறு பத்துக் கோப்பு இருக்கும், அன்று பின்னேரத்துக்குள் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கும். 13 வருடம் ஊறிய பழக்கத்தை ஒன்றிரண்டு பருவத்துக்குள் மாற்றச் சொன்னால் கஷ்டமாகத்தான் இருக்கும். இரவிரவாக இருந்து திருப்பி எழுதுகிறாள் என்று கவலைப்படுகிறீர்கள். இந்தப் பாடத்தைப் படிக்கிற முறையே அதுதான் அம்மா.

பெரியப்பாவுக்குச் சொல்ல ஒரு விஷயம் தருகிறேன். கட்டட வேலை நடக்கிற சைற்றில் ஒவ்வொரு நாளும் நாட்குறிப்பு எழுத வேண்டும். புதிதாகப் போகிற பிள்ளைகள் "வரைபடம் வரவில்லை, வேலை தாமதம்" என்று ஒரு வரி எழுதி மூடிவிடுவார்கள். பழகியவர் எழுதினால் இப்படி இருக்கும்: "கிழக்குப் பக்க அத்திவார வரைபடத்தை 3ஆம் திகதி கடிதம் மூலம் கேட்டோம். இன்று 10ஆம் திகதி, இன்னும் கிடைக்கவில்லை. கம்பி கட்டுபவர்கள் 6 பேரும் மேசன்மார் 2 பேரும் காலை 8 மணியிலிருந்து வேலையின்றி இருந்தார்கள். பிற்பகல் 2 மணிக்கு மதில் வேலைக்கு மாற்றினோம்." இந்த நாலு வரிக்கும் பணப் பெறுமதி இருக்கிறது. பெரிய வேலைகளில், முக்கியமாக வெளிநாட்டு நிதியில் நடப்பவற்றில், ஃபிடிக் என்கிற சர்வதேசப் பொறியியல் ஆலோசகர் சம்மேளனத்தின் ஒப்பந்த நிபந்தனைகள் பயன்படும். அதன் 1999ஆம் ஆண்டுச் சிவப்புப் புத்தகத்தில் 20.1ஆம் பிரிவு இருக்கிறது. காலநீடிப்போ மேலதிகக் கொடுப்பனவோ வேண்டுமென்றால், காரணம் தெரியவந்து 28 நாட்களுக்குள் ஒப்பந்தகாரர் எழுத்தில் அறிவிக்க வேண்டும். விட்டால் கேட்கிற உரிமையே போய்விடும். அறிவித்தலுக்கு ஆதாரமாக நிற்பது அந்த நாட்குறிப்புத்தான். கம்பி எப்படிக் கட்டுவது என்று தெரிந்தவர்கள் யாழ்ப்பாணத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அன்றைக்கு என்ன நடந்தது என்று இப்படி எழுதக்கூடியவரைத் தேடித்தான் கொம்பனிகள் அலைகின்றன.

அலகைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மகள் "காணி 4 பரப்பு" என்று எழுதிய இடத்தில் பெரிய வட்டம் போட்டிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் எங்களுக்குப் பரப்பு என்ற நில அளவு பழக்கம். குருநாகலிலிருந்து வந்த பொறியியலாளருக்கு அது தெரிய வேண்டுமென்று கட்டாயமில்லை. ஒரு பரப்பு 10 பேர்ச், 16 பரப்பு ஓர் ஏக்கர். "4 பரப்பு, அதாவது 40 பேர்ச்" என்று எழுதினால் சரி. ஊர் வழக்கை விடச் சொல்லவில்லை, வெளியில் இருந்து வாசிக்கிறவருக்கும் சேர்த்து எழுதச் சொல்கிறேன்.

தொழில் பக்கம் பார்த்தால், என்.வி.கியூ. என்கிற தேசிய தொழிற்தகைமையில் 4ஆம் மட்டம் வரைக்கும் கைத்திறனுக்கான சான்றிதழ். 5, 6 டிப்ளோமா. அங்கிருந்து மற்றவர்களின் வேலையை மேற்பார்வை செய்து அறிக்கை கொடுக்கிற பொறுப்பு வருகிறது. குருநகர் உயர் தொழினுட்பவியல் நிறுவனத்தில் படித்தாலும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் அறிவியல் நகர் பொறியியற் பீடத்தில் படித்தாலும், மேலே ஏறுகிற படியில் எழுத்து காத்திருக்கும்.

வீட்டில் என்ன செய்யலாம்? உங்களாலேயே உதவ முடியும். பொறியியல் படிக்காதவர் என்பது இங்கே வசதிதான். அறிக்கையைக் கொடுக்க முன்னர், அதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். என்ன நடந்தது, அதனால் இனி யார் என்ன செய்ய வேண்டும், இந்த இரண்டும் உங்களுக்கு விளங்க வேண்டும். நீங்கள் "பிறகு?" என்று கேட்கிற இடத்தில்தான் எழுத்திலும் ஓட்டை இருக்கும். தமிழில் சொல்லத் தெளிந்த பிறகு ஆங்கிலத்தில் எழுதுவது பாதி வேலை.

அரசாங்க விலைமனுக் கோரல் அறிவித்தல்கள் பத்திரிகைகளில் தமிழிலும் ஆங்கிலத்திலும் வரும். ஒரே அறிவித்தலின் இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசிக்கட்டும். துறைச் சொற்கள் தானாகப் பிடிபடும்.

அடுத்த வருடம் தொழிற்பயிற்சிக்குப் போகும்போது ஒரு நாட்குறிப்புப் புத்தகம் கொடுப்பார்கள். கடைசி வாரத்தில் மூத்த மாணவரின் புத்தகத்தைப் பார்த்து முழுவதையும் நிரப்புவது இங்கே பழகிப்போன காரியம். அதற்கு மட்டும் இடங்கொடுக்காதீர்கள். அன்றன்று பின்னேரம் பத்து நிமிடம் போதும். நேர்முகத் தேர்வில் "என்ன செய்தீர்கள்?" என்று கேட்கும்போது அந்தப் புத்தகத்திலிருந்துதான் பதில் வரும்.

சாட்ஜிபிடி பற்றிக் கேட்டிருந்தீர்கள். தானே எழுதி முடித்த பிறகு ஆங்கிலத்தைத் திருத்தப் பாவிக்கலாம், கல்லூரி விதி இடங்கொடுத்தால். முதலிலேயே எழுதச் சொன்னால் அது கொங்கிறீற்றின் வரலாற்றில் இருந்துதான் தொடங்கும், ஏனென்றால் மகளின் கியூப் எப்படி உடைந்தது என்று அதற்குத் தெரியாது. ஐஈஎல்ரிஎஸ் ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சையை இப்போது நினைக்கவே வேண்டாம். தேவை வரும்போது அதற்கென்று சில மாதம் படித்துக்கொள்ளலாம்.

இந்தக் கிழமை ஒன்று செய்யச் சொல்லுங்கள். அடுத்த ஒப்படையின் முதல் பந்தியை மட்டும் எழுதிக்கொண்டு விரிவுரையாளரிடம் போகட்டும். புள்ளி ஏன் குறைந்தது என்று கேட்காமல், "சேர், இதை மட்டும் வாசித்தால் நீங்கள் அடுத்ததாக என்ன செய்வீர்கள்?" என்று கேட்கட்டும். ஓரத்தில் இவ்வளவு அக்கறையாக எழுதுகிறவர் நேரம் ஒதுக்காமல் இருக்க மாட்டார். அவர் சொல்வதை வைத்துத் திருத்திய பந்தியை எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.