கண்டிஷனர் வேருக்கா, நுனிக்கா?

கேள்வி: நாங்கள் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் வசிக்கிறோம். வீட்டில் போர்வெல் தண்ணீர்தான். சோப்பு நுரைப்பதே அரிது. சிறு வயது முதல் அரப்பு தேய்த்துக் குளித்த என் மகள், கல்லூரிக்குப் போகத் தொடங்கிய பிறகு ஷாம்புவுக்கு மாறினாள். இப்போது இடுப்பளவு முடியில் சிக்கு விழுந்து, சீப்பு வைத்தாலே அறுகிறது. கண்டிஷனர் வேண்டும் என்கிறாள். அதைப் போட்டால் இருக்கிற முடியும் கொட்டிவிடும் என்கிறார் என் மாமியார். யார் பேச்சைக் கேட்பது?
– ஒரு வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: மகள் கேட்பதை வாங்கிக் கொடுங்கள். மாமியாரின் அச்சம் எங்கிருந்து வந்தது என்பதையும் பிறகு சொல்கிறேன்.

முடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளரும். அப்படியானால் 60 செ.மீ. நீளமுள்ள கூந்தலின் நுனி சுமார் 5 ஆண்டுகளுக்கு முன், உங்கள் மகள் பள்ளியில் படித்தபோது முளைத்தது. அத்தனை ஆண்டு வெயிலையும் சீப்பையும், பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்றையும் தாங்கிய முடி அது. முடியின் மேற்புறம் ஓட்டுக்கூரையைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய செதில்களால் ஆனது. அவற்றின் மேல் இயற்கையாகவே மெல்லிய கொழுப்புப் படலம் ஒன்று உண்டு. நாள்பட நாள்பட நுனிப்பகுதியில் அந்தப் படலம் தேய்ந்து, ஓடுகள் பெயர்ந்து, ஒரு முடி இன்னொன்றோடு மாட்டிக்கொள்கிறது. அதைத்தான் நாம் சிக்கு என்கிறோம்.

நனைந்த முடி, குறிப்பாகச் சேதமடைந்த இடங்களில், எதிர்மின் தன்மை கொண்டிருக்கும். கண்டிஷனரில் உள்ள பெஹென்ட்ரைமோனியம் குளோரைடு, செட்ரைமோனியம் குளோரைடு போன்ற பொருள்கள் நேர்மின் தன்மை கொண்டவை என்பதால், எங்கே தேய்மானம் அதிகமோ அங்கே அதிகமாக ஒட்டிக்கொண்டு, அலசிய பிறகும் ஒரு மெல்லிய பூச்சாக நின்றுவிடுகின்றன. உராய்வு குறைகிறது, சீப்பு வழுக்கிக்கொண்டு போகிறது, முடி அறுவதும் குறைகிறது. அதன் பயன் முக்கியமாக இவ்வளவுதான். வேருக்கு ஊட்டம், புதுமுடி வளர்ச்சி என்றெல்லாம் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பாட்டிலில் ‘சீட்டைல் ஆல்கஹால்’ என்று இருப்பதைப் பார்த்தும் பயப்பட வேண்டாம். பெயரில்தான் ஆல்கஹால், அது மெழுகு போன்ற பொருள், முடியை உலர்த்தாது.

உங்கள் மாமியார் காலத்தில் அரப்பை வடிகஞ்சியில் கரைத்துத் தேய்த்திருப்பார்கள். கஞ்சியின் வழவழப்பு முடியில் கொஞ்சம் தங்கி, ஏறக்குறைய இதே வேலையைத்தான் செய்தது. மகள் மறுபடி அரப்புக்குத் திரும்ப விரும்பினால் அதுவும் நல்லதே.

இனி அவருடைய அச்சம். கண்டிஷனர் தடவி விரலால் கோதும்போது கை நிறைய முடி வரும். பார்த்தால் யாருக்கும் வயிறு கலங்கும். நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயல்பு. ஏற்கெனவே உதிர்ந்து சிக்கில் மாட்டிக் கிடந்தவைதான் அப்போது மொத்தமாக வழுக்கி வெளியே வருகின்றன. சந்தேகமிருந்தால் ஒரு முடியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு முனையில் சிறிய வெள்ளைக் குமிழ் இருந்தால் அது வேரோடு உதிர்ந்தது. இல்லாவிட்டால் நடுவில் அறுந்தது. அறுவதற்குத்தான் கண்டிஷனர் உதவும். குமிழுள்ள முடிகள் வழக்கத்தைவிட அதிகமாக உதிர்ந்தால் இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு, இரண்டு மூன்று மாதங்களுக்கு முன் வந்த கடும் காய்ச்சல் எனப் பல காரணங்கள் இருக்கலாம். தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

போடும் முறையில்தான் பலரும் தவறுகிறார்கள். நானே முதன்முறை எண்ணெய் தேய்ப்பது போல உச்சந்தலையில் அழுத்தித் தேய்த்துவிட்டு, பொள்ளாச்சியில் ஒரு கல்யாணத்துக்குத் தலை படிந்து, மூன்று நாள் குளிக்காதவளைப் போலப் போய் நின்றேன். ஷாம்புவை அலசியபின் முடியைப் பிழிந்து நீரை வடியவிட்டு, காது மட்டத்துக்குக் கீழே தொடங்கி நுனி வரை தடவி, இரண்டு மூன்று நிமிடம் விட்டு, அகன்ற பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுத்த பிறகு அலச வேண்டும். போர்வெல் நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் முடியில் படிந்து சொரசொரப்பாக்கும். கண்டிஷனர் அவற்றை நீக்குவதில்லை. மழைநீர் சேமித்திருந்தால் கடைசி இரண்டு சொம்பு மட்டும் அதில் ஊற்றச் சொல்லுங்கள்.

கேள்வி: கண்டிஷனர் போட்டால் தேங்காய் எண்ணெய் தேவையில்லையா?
– ஒரு வாசகி, செங்கோட்டை

பதில்: இரண்டும் வேறு வேறு வேலை. தேங்காய் எண்ணெய் முடிக்குள் ஊடுருவி, குளிக்கும்போது ஏற்படும் புரத இழப்பைக் குறைக்கிறது என்பதை 2003-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது; கண்டிஷனர் மேற்புறத்தில் வேலை செய்கிறது. எண்ணெய் குளிப்பதற்கு முன், கண்டிஷனர் ஷாம்புவுக்குப் பின்.

கேள்வி: கிராப் வெட்டிய எனக்கும் வேண்டுமா?
– ஒரு வாசகர், வாளையாறு

பதில்: இரண்டு அங்குல முடிக்கு வயது ஐந்து மாதம்தான், தேய்வதற்குள் நாவிதர் வெட்டிவிடுவார். டை அடிப்பவராக இருந்தால் மட்டும் மனைவியின் பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.