மாணவர் விசா: குமரி மாவட்ட வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பணத்தைக் காட்டுவது பற்றியும் பெயர் பொருந்தாமை பற்றியும் கேட்டிருந்தன. அதனால் அவற்றுக்கே அதிக இடம் ஒதுக்கியிருக்கிறேன். தொகைகள் அவ்வப்போது மாறுபவை என்பதால், விண்ணப்பிக்கும் நாளில் அந்தந்த நாட்டு அரசின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: என் மகளுக்கு இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் முதுகலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. மஸ்கட்டில் வேலை பார்க்கும் என் தம்பி முழுச் செலவையும் ஏற்கிறான். அவனுடைய என்.ஆர்.ஐ. கணக்கைக் காட்டினால் போதுமா?
– ஒரு தாய், குளச்சல்

பதில்: போதாது. மருமகளின் படிப்புக்குத் தாய்மாமன் கைகொடுப்பது நம் ஊரில் இயல்பு. ஆனால் பிரிட்டனின் விதிகளில் தாய்மாமனுக்கு இடமில்லை. பணம் மாணவரின் பெயரிலோ, அவருடைய பெற்றோர் அல்லது சட்டப்படியான காப்பாளரின் பெயரிலோ இருக்க வேண்டும். மணமானவர் என்றால் துணைவரின் கணக்கையும் சில நிபந்தனைகளுடன் ஏற்பார்கள். வளைகுடாவில் உள்ள உறவினரின் கணக்கை நம்பி விண்ணப்பித்து, கட்டிய கட்டணத்தையும் சேர்க்கைப் பருவத்தையும் இழந்த குடும்பங்களை நான் அறிவேன். மற்ற எல்லாத் தகுதியும் இருந்தும் இந்த ஒன்றால் பிள்ளைகளின் ஓராண்டு வீணாவது மிகவும் வருத்தத்துக்குரியது.

இதற்கு நேர்மையான வழி இருக்கிறது. தம்பி அந்தத் தொகையை முன்கூட்டியே உங்கள் கணக்குக்கு அன்பளிப்பாக அனுப்பட்டும். உடன்பிறந்தவர் தரும் அன்பளிப்புக்கு, பெறுபவர் வருமான வரி கட்ட வேண்டியதில்லை. அவர் கையொப்பமிட்ட அன்பளிப்புக் கடிதத்தையும், பணம் வந்த வழியைக் காட்டும் வங்கிக் குறிப்புகளையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். லண்டனுக்கு வெளியே படிப்பவர் மாதம் 1,171 பவுண்டு வீதம் 9 மாதங்களுக்கு 10,539 பவுண்டும், முதலாண்டுக் கல்விக் கட்டணத்தில் செலுத்தாத மீதியும் காட்ட வேண்டும். இந்தத் தொகை தொடர்ந்து 28 நாட்கள் குறையாமல் இருக்க வேண்டும். அந்த 28 நாட்களின் கடைசி நாள், விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 31 நாட்களுக்குள் வர வேண்டும். இடையில் ஒரே ஒரு நாள், சீட்டுப் பணம் கட்டுவதற்காகவோ வேறு அவசரத்துக்காகவோ எடுத்து மறுநாளே திருப்பிப் போட்டாலும், 28 நாள் கணக்கு மீண்டும் முதல் நாளிலிருந்துதான் தொடங்கும். ஆகவே, வீட்டுச் செலவுகள் நடக்கும் கணக்கில் வைக்காமல் தனிக் கணக்கில் வையுங்கள். உங்கள் கணக்கைக் காட்டும்போது மகளின் பிறப்புச் சான்றிதழும், பணத்தைப் பயன்படுத்த நீங்கள் தரும் சம்மதக் கடிதமும் தேவை. மருத்துவக் கூடுதல் கட்டணம் ஆண்டுக்கு 776 பவுண்டு. அதை விண்ணப்பிக்கும்போதே செலுத்த வேண்டும் என்பதால் மேற்சொன்ன இருப்பிலிருந்து எடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: மகனின் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயருக்கு முன்னால் தலைப்பெழுத்து மட்டும் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் என் பெயர் முழுமையாக இருக்கிறது. பிறப்புச் சான்றிதழில் என்னை வீட்டில் அழைக்கும் பெயரைப் பதிந்துவிட்டார்கள். கோயிலில் கொடுத்த ஞானஸ்நானச் சான்றிதழில் எல்லாம் சரியாக இருப்பதால் அதைக் கொடுக்கலாமா?
– ஒரு தந்தை, கருங்கல்

பதில்: இங்கே இரண்டு சிக்கல்கள் உள்ளன, இரண்டின் கனமும் ஒன்றல்ல. தலைப்பெழுத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். பாஸ்போர்ட்டில் தலைப்பெழுத்தை விரித்து எழுதுவதே முறை. தமிழ்நாட்டுச் சான்றிதழ்களைப் பார்த்துப் பழகிய பல்கலைக்கழகங்களுக்கு இது புதிதல்ல. இரண்டு பெயர்களும் ஒருவரையே குறிக்கின்றன என்று நோட்டரி முன் எடுத்த உறுதிமொழிப் பத்திரம் ஒன்றைச் சேர்த்து வையுங்கள். பல்கலைக்கழகச் சேர்க்கைக் கடிதம் முதல் விசா விண்ணப்பம் வரை எல்லாவற்றிலும் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, ஓர் எழுத்தும் மாறாமல் இருக்கட்டும்.

தந்தை பெயரில் உள்ள வேறுபாடுதான் உண்மையில் தடையாகும். உங்கள் வங்கிக் கணக்கைக் காட்டி பிரிட்டனுக்கு விண்ணப்பித்தால், நீங்கள்தான் தந்தை என்பதை நிறுவப் பிறப்புச் சான்றிதழையே பார்ப்பார்கள். அதற்கு மாற்றாக ஏற்கப்படுபவை தத்தெடுப்புச் சான்றிதழும், காப்பாளரைக் குறிப்பிடும் நீதிமன்ற ஆவணமும் மட்டுமே. ஞானஸ்நானச் சான்றிதழ் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் பிறப்பைப் பதிந்த உள்ளாட்சி அலுவலகத்தில் திருத்தம் கோரும்போது, உங்கள் பழைய பள்ளிச் சான்றிதழுடன் அதையும் துணை ஆவணமாகக் கொடுக்கலாம். பிறப்பையே பதியாமல் விட்டவர்களுக்கு வேலை இன்னும் நீளும். அவர்கள் நாகர்கோவில் அல்லது பத்மநாபபுரம் கோட்ட வருவாய் அலுவலகத்தை நாட வேண்டியிருக்கும். பிள்ளை கல்லூரியில் கடைசி ஆண்டில் இருக்கும்போதே இதைத் தொடங்குவது நல்லது.

கேள்வி: 28 நாட்களுக்கு வேண்டிய தொகையைத் தாமே கணக்கில் போட்டுக் காட்டி, பிறகு எடுத்துக்கொள்வதாக ஒரு முகவர் கூறுகிறார். எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்களா?
– ஒரு மாணவர், நாகர்கோவில்

பதில்: எத்தனை பேர் செய்தாலும் நீங்கள் செய்யாதீர்கள். உங்களுக்குச் சொந்தமில்லாத பணத்தை உங்களுடையது என்று காட்டுவது பொய்யான தகவல். ஏமாற்றியதாக முடிவு செய்தால் பிரிட்டன் 10 ஆண்டுகள் வரையிலும், கனடா 5 ஆண்டுகளும் கதவை மூடிவிடும். தண்டனை உங்கள் பாஸ்போர்ட்டுக்குத்தான், முகவருக்கு அல்ல. அசல் சான்றிதழ்களையும் அவரிடம் விட்டுவைக்க வேண்டாம்.

கேள்வி: விளவங்கோடு தாலுகாவில் உள்ள ரப்பர் தோட்டத்தை அடமானம் வைத்துக் கல்விக் கடன் கேட்டிருக்கிறோம். மூலப் பத்திரம் மலையாளத்தில் இருப்பதால் வங்கி வழக்கறிஞர் தாமதிக்கிறார். வங்கி தந்துள்ள கொள்கையளவிலான ஒப்புதல் கடிதத்தை வைத்து விண்ணப்பிக்கலாமா?
– ஒரு தந்தை, அருமனை

பதில்: இது குமரிக்கே உரிய சிக்கல். 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர் பகுதியில் இருந்ததால் பழைய பத்திரங்கள் மலையாளத்திலும், தேதிகள் கொல்லம் ஆண்டிலும் இருக்கின்றன. 1120 என்று எழுதியிருந்தால் அது 1944–45ஐக் குறிக்கும். பத்திரத்தைத் தகுதியுள்ளவரைக் கொண்டு மொழிபெயர்த்து, தற்போதைய சர்வே எண்ணுடன் ஒப்பிட்டு, வில்லங்கச் சான்றிதழோடு நீங்களே கொடுத்துவிட்டால் வழக்கறிஞரின் வேலை பாதியாகக் குறையும்.

கொள்கையளவிலான கடிதம் மட்டும் பிரிட்டன் விசாவுக்கு உதவாது. கடன் மாணவரின் பெயரில் இருக்க வேண்டும். கடிதம் 6 மாதத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். விசா கிடைப்பதைத் தவிர வேறு நிபந்தனை அதில் இருக்கக் கூடாது. ‘சட்டக் கருத்து வந்த பின்’ என்ற ஒரு வரி இருந்தாலும் காத்திருங்கள்.

கேள்வி: ஜெர்மனிக்கு விண்ணப்பிக்க, பக்கத்திலிருக்கும் கேரளத்திலேயே கொடுக்க முடியுமா?
– ஒரு மாணவி, மார்த்தாண்டம்

பதில்: தமிழ்நாட்டில் வசிப்பவர்களின் விண்ணப்பம் சென்னைத் துணைத் தூதரகத்தின் எல்லைக்குள் வருகிறது, கேரளம் பெங்களூருவின் எல்லை. திருவனந்தபுரம் உங்களுக்கு ஒரு மணி நேரப் பயணமே என்றாலும் இதில் பயனில்லை. 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களுக்கு ஏ.பி.எஸ். சான்றிதழ் (கல்விச் சான்றிதழ்கள் உண்மையானவை என்று சரிபார்த்துத் தருவது) கட்டாயம் என்பதால் முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள். பிளாக்டு அக்கவுண்டில் (மாதந்தோறும் குறிப்பிட்ட தொகை மட்டுமே எடுக்கக்கூடிய முடக்கக் கணக்கு) ஓராண்டுக்கு 11,904 யூரோ வைக்க வேண்டும். கணக்கு உங்கள் பெயரில் இருந்தால் போதும் என்பதால், குளச்சல் தாய்க்கு இயலாத ஒன்று உங்களுக்கு இயலும்: மாமாவே நேரடியாகப் பணம் அனுப்பலாம்.

கேள்வி: கடந்த ஆண்டு கனடா விசா மறுக்கப்பட்டது. ஆஸ்திரேலியாவுக்கு விண்ணப்பிக்கும்போது அதைச் சொல்ல வேண்டுமா?
– ஒரு மாணவர், தக்கலை

பதில்: கட்டாயம் சொல்ல வேண்டும். விண்ணப்பத்தில் அந்தக் கேள்வி நேரடியாகவே இருக்கிறது. மறுப்புக் கடிதத்தை இணைத்து, அதில் சொன்ன காரணம் இப்போது எப்படிச் சரிசெய்யப்பட்டது என்பதைச் சுருக்கமாக எழுதுங்கள். 2024 மார்ச் 23 முதல் ஆஸ்திரேலியா, ஏன் இந்தப் படிப்பு, ஏன் அந்த நாடு என்ற வினாக்களுக்கு விண்ணப்பத்திலேயே விடை கேட்கிறது. அவற்றை முகவரிடம் விடாமல் உங்கள் சொந்தச் சொற்களில் எழுதுங்கள்.