அவசர சிகிச்சைப் பிரிவில் முதுநிலை (பிஜி) மருத்துவர்களுக்கு எப்படிப் பாடம் நடத்தினால் மனதில் நிற்கும்?

வேலூர்ப் பக்கம் ஒரு அவசர சிகிச்சைப் பிரிவில் பிஜி மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு மணி நேர வகுப்பு வைத்தால் பாதிப் பேர் வருவதில்லை, வருகிறவர்களும் தூங்குகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு மணி நேரத்தை விட்டுவிடுங்கள். கட்டிலருகே ஐந்து நிமிடம் கிடைத்தாலும் போதும்.

அதற்கு நேரம் ஏது என்பார்கள். சிகிச்சைக்குள்ளேயே இருக்கிறது. அணைக்கட்டு, குடியாத்தம் பக்கம் கொல்லையில் பாம்பு கடித்து ஒருவர் வருகிறார். சில பாம்புகளின் விஷம் ஏறினால் ரத்தம் உறையாது. அதனால் 2 மில்லி ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் விட்டு, உறைகிறதா என்று பார்க்க 20 நிமிடம் அசைக்காமல் வைக்கிறோம். நோயாளி நிலையாக இருந்தால் அந்த 20 நிமிடம்தான் என் வகுப்பு.

முதல் கேள்வி குழாயைப் பற்றியே. பிளாஸ்டிக் குழாய் என்றால்? சோப்புப் போட்டுக் கழுவியது என்றால்? இரண்டிலும் நல்ல ரத்தமே உறையாமல் போகலாம். தேவையில்லாமல் விஷமுறிவு மருந்து (ஏஎஸ்வி) ஏறிவிடும்.

"சரிப்பா, உறையலைன்னா?"

"ஏஎஸ்வி 10 குப்பி, சார்."

"ஏத்தும்போது உடம்பு தடிச்சு பிபி இறங்கினா?"

"நிறுத்திட்டு அட்ரினலின், தொடையில."

"எவ்வளவு?"

இந்த 'எவ்வளவு'வை விடாதீர்கள். மருந்தின் பெயர் எல்லாருக்கும் தெரியும், 0.5 மில்லி கிராம் என்று உடனே வந்தால்தான் கை நகரும். அப்புறம் கடைசிக் கேள்வி: "ரத்தம் உறைஞ்சிடுச்சு, ஆனா இமை கீழே இறங்குது, என்ன செய்வ?" கட்டுவிரியன் விஷம் நரம்பைத் தாக்கும்; அதன் கடியில் ரத்தம் ஒழுங்காகவே உறையும், பல்தடம்கூடத் தெரியாமல் போகலாம். குழாயை மட்டும் நம்பி வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்பதை நோயாளியைப் பார்த்தபடி கேட்டவர் மறப்பதில்லை.

நாம் பதில் சொல்லும் முன் மாணவர் தன் முடிவைச் சொல்லியாக வேண்டும். 1992-ல் அமெரிக்கக் குடும்ப மருத்துவ ஆசிரியர்கள் எழுதிய 'ஒரு நிமிட ஆசிரியர்' முறையும் இங்கேதான் தொடங்குகிறது: முடிவைச் சொல்ல வை, காரணம் கேள், பொதுவான ஒரு பாடம் சொல், சரியாகச் செய்ததைச் சொல், தவறைத் திருத்து. நம்மூரில் நான்காவதைத்தான் விட்டுவிடுகிறோம். உறவினர்கள் எதிரிலேயே திட்டுகிறோம். அப்படித் திட்டு வாங்கியவர் அடுத்த முறை சந்தேகம் வந்தாலும் கேட்க மாட்டார், அதன் விலையை நோயாளி கொடுப்பார். 2009-ல்தான் இந்தியாவில் அவசர மருத்துவம் தனித் துறையாக அங்கீகாரம் பெற்றது. ஆசிரியர்களில் பலர் வேறு துறைகளிலிருந்து வந்தவர்கள். வார்டு ரவுண்ட்ஸில் எல்லார் முன்னும் திட்டும் பழக்கமும் கூடவே வந்துவிட்டது.

அவசர சிகிச்சை ஒத்திகைக்கு விலையுயர்ந்த பயிற்சிப் பொம்மை வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். காலியான கட்டில், டியூட்டியில் இருக்கும் சிஸ்டர்கள், நெடுஞ்சாலை விபத்து என்று ஒரு கதை, பத்து நிமிடம். சக்‌ஷன் (சளி, ரத்தம் உறிஞ்சும் கருவி) இழுக்கிறதா, ரத்தநாளத்தில் போடும் பெரிய கேனுலா எந்த டிராயரில் என்பது அப்போதே தெரிந்துவிடும். ரத்தப்போக்கைக் குறைக்கும் மருந்தைக் கேட்டு "டிரானெக்ஸாமிக் ஒரு கிராம், சிஸ்டர்" என்றால் "ஒரு கிராம் போட்டாச்சு, டாக்டர்" என்று திரும்ப வர வேண்டும். இது பழகப் பழகத்தான் வரும்.

இன்னொன்று, இரவு டியூட்டி முடித்தவரைக் காலை வகுப்பில் உட்கார வைக்காதீர்கள். தூங்கி எழுந்து வரட்டும். அவர் பார்த்த கேஸை மறுநாள் அவரையே சொல்ல வைத்துப் பேசலாம்.