ரேடியான் அட்டை இருந்தும் விளையாட்டு ஊர்ந்து நகர்வது பற்றி

அக்கரைப்பற்றிலிருந்து எழுதிய சகோதரருக்கு,

உபுண்டு லினக்ஸில் ரேடியான் ஆர்எக்ஸ் 580 வரைகலை அட்டை இருந்தும் ஸ்டீம் தளத்து விளையாட்டு நொடிக்கு 4 ஃபிரேம்களே தருவதாகவும், ஓப்பன்ஜிஎல் என்ற வரைகலை இடைமுகத்தின் விவரத்தில் ‘எல்எல்விஎம்பைப்’ என்று காட்டுவதாகவும் குறிப்பிட்டிருந்தீர்கள். அந்தப் பெயரே நோயைச் சொல்லிவிடுகிறது: அட்டை சும்மா கிடக்க, படம் வரையும் வேலை முழுவதையும் மீசா என்ற திறந்த மூல வரைகலை நூலகம், கணினியின் மையச் செயலியின் (சிபியு) தலையில் கட்டியிருக்கிறது. கல்லடியில் என் தம்பியின் கணினியிலும் இதுவே நடந்தது. செயலியின் விசிறி அடுத்த அறைவரை இரைந்தது, அட்டையோ தொட்டால் சூடே இல்லை. நிறுவும்போது திரை கறுத்ததால் நாங்கள் சேர்த்த ‘நோமோட்செட்’ என்ற சொல்லை, பிறகு கணினியைத் தொடக்கிவைக்கும் குரப் நிரலின் அமைப்புக் கோப்பிலிருந்து எடுக்க மறந்திருந்தோம். அது இருக்கும்வரை லினக்ஸின் கருவான கர்னலிலுள்ள ஏஎம்டிஜிபியு இயக்கி (டிரைவர்) அட்டையை எடுத்துக்கொள்ளாது. உங்கள் கோப்பிலும் அச்சொல் இருந்தால் அழித்து, குரப்பைப் புதுப்பித்து, கணினியை மீண்டும் தொடக்கிப் பாருங்கள். மூடிய மூல இயக்கி எதையும் தேடி நிறுவ வேண்டாம். இந்த அட்டைக்கு மீசாவே போதும், ஆனால் ஸ்டீமுக்கு மீசாவின் 32 பிட் வல்கன் (இன்னொரு வரைகலை இடைமுகம்) பொதியையும் சேர்த்து நிறுவிக்கொள்ளுங்கள்.